லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மட் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீட்டில் திடீரென்று கரன்ட் போனால் முதலில் என்ன செய்வோம்? வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் ஈ.பி. கட். அங்கே எரிந்து நம் வீட்டில் மட்டும் இல்லையென்றால் போர்டைத் திறந்து எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே ஒரு அறையில் மட்டும் இல்லையென்றால் பல்பு. கரன்ட் போன உடனே வீட்டு வயரிங் முழுவதையும் பிடுங்கி மாற்றலாம் என்று யாரும் கிளம்புவதில்லை.

பழைய லேப்டாப் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும்போது மட்டும் நாம் நேராக வயரிங்கைப் பிடுங்கத்தான் போகிறோம். "வைரஸாத்தான் இருக்கும்", "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு", "ஒரு ஃபார்மட் போட்டா சரியாயிடும்". என் அக்காவின் லேப்டாப்புக்கு இப்படி இரண்டு முறை ஃபார்மட் போட்டார்கள். முதல் முறையில் பையனின் ஒன்றாம் பிறந்தநாள் படங்கள் மொத்தமும் போயின. இரண்டு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதை. கடைசியில் காரணம் விண்டோஸிலேயே இல்லை. எங்கே இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், 'ரீஸ்டார்ட்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருப்பதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

## முதல் கேள்வி: எப்படி நிற்கிறது?

ஒன்று, படக்கென்று திரை கருத்துப்போய், ஃபேன் சத்தமும் நின்று, அப்படியே செத்த மாதிரி கிடக்கும். பவர் பட்டனை நாம் அழுத்தினால்தான் வரும். இது பெரும்பாலும் சூடு அல்லது கரன்ட் பிரச்சினை. மெஷினுக்குள் ஏதோ ஒன்று மின்சாரத்தையே துண்டித்துவிட்டது.

இரண்டாவது, நீலத்திரை ஒரு கணம் மின்னி மறையும், அல்லது எல்லாம் உறைந்து நின்று, பிறகு தானாகவே கம்பெனி லோகோ வந்து மறுபடி விண்டோஸ் ஏறும். இங்கே மின்சாரம் போகவில்லை. விண்டோஸே "இனி ஓடினால் ஆபத்து" என்று முடிவு செய்து தன்னை நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது ஒன்று உண்டு, அது கோளாறே இல்லை. ராத்திரி லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் எல்லா விண்டோவும் மூடியிருக்கும். அது அப்டேட் போட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் ஆனது. அப்டேட் செட்டிங்கில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒரு நேரம் குறித்துவிட்டால் அந்த நேரத்துக்குள் செய்யாது.

இந்தப் பிரிவு நூற்றுக்கு நூறு துல்லியம் என்று சொல்ல மாட்டேன். சூடேறிய மெஷின் சில சமயம் ஆஃப் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. ஆனால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு இது போதும்.

## வைரஸ் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

இதற்கு ஓர் உண்மையான காரணம் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற ஒரு வார்ம், அதாவது நெட்வொர்க் வழியே தானாகவே பரவும் ஒருவகை வைரஸ், பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய மெஷின்களில் ஒரு முக்கியமான சேவையை அது செயலிழக்க வைக்கும், உடனே திரையில் ஒரு பெட்டி வந்து 60 நொடி எண்ணி மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். அடுத்த வருடம் 'சாசர்' என்று இன்னொன்று வந்து அதே வேலையைச் செய்தது. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்கள் மனதில் "ரீஸ்டார்ட் என்றால் வைரஸ்" என்று பதிந்ததில் வியப்பில்லை.

இன்று நிலைமை அப்படி இல்லை. இப்போது வரும் தீய மென்பொருள்களுக்கு நம் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் லாபம். பாஸ்வேர்டு திருடவோ, நம் கரன்ட்டில் கிரிப்டோ காசு எடுக்கவோ அது விழித்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேன் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் படக்கென்று அணையும் பழைய லேப்டாப்பில் வைரஸைச் சந்தேகப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

## சூடு: பழைய லேப்டாப்பில் முதல் சந்தேகம்

பிராசசர் என்பது கணக்குப் போடும் சிப். அது வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக உள்ளே ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து கிளம்பும் தட்டையான செம்புக் குழாய், அதன் கடைசியில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான உலோக இதழ்கள், அந்த இதழ்களின் மேல் காற்று ஊதும் ஃபேன். செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம் அடைத்திருப்பார்கள். சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்து மறுபடி திரவமாகித் திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி முத்து முத்தாகி மறுபடி தண்ணீரிலேயே சொட்டுகிறதே, அதே வேலைதான்.

சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை தடவியிருப்பார்கள். தெர்மல் பேஸ்ட் என்று பெயர். இரண்டு பரப்புக்கும் நடுவே காற்று தங்காமல் அடைத்துச் சூட்டைக் கடத்துவதுதான் அதன் வேலை. சில வருடங்களில் அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் எங்கே அடைத்தாலும் சூடு சிப்பிலேயே தங்கும். பிராசசர் அதை அமைதியாகப் பொறுத்துக்கொள்வதில்லை. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குத் த்ராட்லிங் என்று பெயர். "லேப்டாப் ரொம்ப ஸ்லோ" என்று நாம் சொல்வதில் பாதி இதுவாக இருக்கும். இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றில் இதற்கான எல்லை 100 முதல் 105 டிகிரி. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காமல் அதற்கு மேலும் ஏறினால், சிப் கருகிவிடாமல் இருக்க மின்சாரத்தையே வெட்டிவிடுகிறது. குக்கரில் விசில் வரும் வழி அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போகுமே, அதுபோல. நாம் கோளாறு என்று நினைப்பது உண்மையில் ஒரு பாதுகாப்பு. கோளாறு, விசில் அடைத்ததுதான்.

அக்காவின் லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றியபோது ஃபேனைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனின் மேல்மூடியையும் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும் செம்பு இதழ்களுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த இடுக்கில், சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் பட்டை, கம்பளித் துணியைக் கத்தரித்து வைத்த மாதிரி. டூத்பிக்கால் நெம்பினால் உதிரவில்லை, ஒரே துண்டாக உரிந்து வந்தது, நீளம் ஒரு விரல் அளவு. அதில் தலைமுடி, பஞ்சு, மெத்தைவிரிப்பின் நூல் எல்லாம் பின்னிக் கிடந்தன. அவள் எப்போதும் கட்டிலில் மெத்தை மேல் வைத்துத்தான் பயன்படுத்துவாள். காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டை அடியில் இருக்கிறது, மெத்தை அதை மூடிவிடுகிறது.

அப்படியானால் ஃபார்மட் போட்ட பிறகு ஒரு வாரம் ஏன் ஓடியது? இதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். ஃபார்மட் போட்ட விண்டோஸ் காலியானது. பின்னணியில் ஓடும் பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் இல்லை, இருபது டேப் திறந்த குரோம் இல்லை. வேலை குறைவு, அதனால் சூடும் குறைவு. போதாததற்குக் கடையில் ஏசி ஓடுகிறது, லேப்டாப் மேசை மேல் இருக்கிறது. தூசி அங்கேயேதான் இருந்தது, ஆனால் சூடு எல்லையைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்து, மறுபடி மெத்தை மேல் வைத்ததும் தொட்டுவிட்டது. மருந்து வேலை செய்தது போல ஒரு தோற்றம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அறையின் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் சிப்பிலும் ஏறும். மார்கழியில் 25 டிகிரி அறையில் தாக்குப்பிடித்த லேப்டாப், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் 13 டிகிரி கூடுதல் சுமையோடு ஓடுகிறது. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி. நன்றாக ஆறிய லேப்டாப்பை ஆன் செய்து ஒரு எச்டி வீடியோவை ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அணைந்ததும் உடனே மறுபடி ஆன் செய்யுங்கள். முதல் முறை 20 நிமிடம், இரண்டாம் முறை 5 நிமிடம் என்றால் சூடுதான். ஒரு மணி நேரம் ஆறவிட்டபின் மறுபடி 20 நிமிடம் தாங்கினால் இன்னும் உறுதி. எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் சிப்பின் சூட்டை டிகிரியில் காட்டும். வேலை செய்யும்போது 80, 85 என்பது பழைய லேப்டாப்புக்குச் சாதாரணம். சும்மா இருக்கும்போதே 75, வீடியோ ஓடும்போது 98 என்றால் உள்ளே சுத்தம் செய்தாக வேண்டும்.

சுத்தம் செய்யும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள், கட்டற்றுச் சுற்றினால் ஃபேன் கெட்டுப்போகலாம். வாக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதில் உருவாகும் நிலைமின்சாரம் போர்டைப் பாதிக்கும். ஸ்க்ரூ கழற்றிப் பழக்கமில்லை என்றால் கடையிலேயே "தூசி எடுத்து பேஸ்ட் மாத்திக் குடுங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இதுவரை பார்த்தது: படக்கென்று அணைந்து, ஆறிய பிறகு நெடுநேரமும் சூட்டோடு ஆன் செய்தால் கொஞ்ச நேரமும் ஓடினால், சூடு. இதற்கு ஃபார்மட் தேவையே இல்லை.

## கரன்ட்: பேட்டரியும் சார்ஜரும்

மோட்டார் போடும்போது வீட்டு லைட் ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது. லேப்டாப்புக்குள்ளும் இது நடக்கும். சும்மா இருக்கும் பிராசசர் திடீரென்று வேலை வந்ததும் பல மடங்கு மின்சாரம் கேட்கும். புது பேட்டரி அதைக் கொடுத்துவிடும். பழைய பேட்டரிக்குள் மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கான தடங்கல், கூடிப்போயிருக்கும். சட்டென்று கேட்டால் வோல்டேஜ் சரிந்து மெஷின் அணைந்துவிடும். சார்ஜ் 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆவதன் ரகசியம் இதுதான். லேப்டாப்பின் லித்தியம் அயன் பேட்டரிகள் வழக்கமாக 300 முதல் 500 முழு சார்ஜ் வரை நன்றாக உழைக்கும். அதற்குப் பிறகு கொள்ளளவு வெகுவாகக் குறையத் தொடங்கும். எட்டு வருடப் பேட்டரி என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கண்டுபிடிப்பது எளிது. சார்ஜர் போட்டு ஓட்டும்போது வராமல், பேட்டரியில் மட்டும் வந்தால் பேட்டரி. பேட்டரி ஏற்கெனவே செத்து, முழுக்கச் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பில், வயரைத் தொட்டாலோ மேசையை நகர்த்தினாலோ அணைந்தால் சார்ஜர் பின்னில் அல்லது லேப்டாப்பின் பக்கத் துளையில் லூஸ் கான்டாக்ட். நல்ல பேட்டரி இருந்தால் அந்த ஒரு நொடி விடுபடலை அது தாங்கிக்கொள்ளும், செத்த பேட்டரி தாங்காது. அதனால்தான் வருடக்கணக்கில் இருந்த லூஸ் கான்டாக்ட் பேட்டரி செத்த பிறகு திடீரென்று பூதாகரமாகத் தெரிகிறது.

சார்ஜர் மாற்றியிருந்தால் அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். வோல்ட் எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். அந்த லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் மாட்டினால் சும்மா இருக்கும்போது ஓடும், வேலை கொடுத்தால் திணறும்.

ஒரு எச்சரிக்கை. டச்பேட் மேலே எழும்பி நின்றாலோ, அடித்தட்டு உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது.

## விண்டோஸே நிறுத்தும்போது

நீலத்திரை வந்து தானாக மறுபடி ஏறும் ரகத்துக்கு வருவோம். ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் திறக்கும் குரோம், வேர்ட் எல்லாம் குடியிருப்பவர்கள். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் அந்த வீடு மட்டும் ஈரமாகும், அந்தப் புரோகிராமை மட்டும் மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். கீழே மெயின் போர்டு அறை ஒன்று இருக்கிறது. மொத்தக் கட்டடமும் அதை நம்பித்தான் இருக்கிறது. விண்டோஸின் அந்த உள்ளறைக்குப் பெயர் கெர்னல். அந்த அறைக்குள் போகச் சாவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் மாதிரி சில சின்ன மென்பொருள்கள் உண்டு. வைஃபை, டிஸ்பிளே, சவுண்டு போன்றவற்றை விண்டோஸோடு பேசவைக்கும் அவற்றுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் ஒரு வயரை மாற்றி இணைத்தால் ஒரு வீடு அல்ல, கட்டடமே இருளும்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட், கெர்னலுக்குள் ஓடும் அவர்களது மென்பொருளைக் கவிழ்த்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களில் நீலத்திரை வந்தது, பலவும் ரீஸ்டார்ட் ஆகி ரீஸ்டார்ட் ஆகிச் சுற்றின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மெஷின்களில் தூசியும் இல்லை, வைரஸும் இல்லை.

உள்ளறையில் தப்பு நடந்ததும் விண்டோஸ் ஏன் உடனே நிற்கிறது? குழம்பிய நிலையில் தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் தப்பான தகவலை எழுதி நம் ஃபைல்களைக் கெடுத்துவிடலாம். அதற்கு நிற்பதே மேல். நிற்கும்போது காரணத்தை ஒரு குறியீடாகத் திரையில் காட்டும், அதற்கு ஸ்டாப் கோடு என்று பெயர். ஆனால் காட்டிய சில நொடியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸில் ஏற்கெனவே அமைத்திருப்பார்கள், நாம் படிப்பதற்குள் போய்விடும். அதை நிறுத்திவையுங்கள். ஸ்டார்ட்டில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் செட்டிங்ஸை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு ஃபைல் பெயரும் இருந்தால் பெரும்பாலும் அந்த டிரைவர்தான். அதைப் புதுப்பிப்பதோ, சமீபத்தில் புதுப்பித்திருந்தால் பழையதற்குத் திரும்புவதோ போதும்.

இங்கே இன்னொரு பரவலான தவறு. மெஷினில் நடப்பதை விண்டோஸ் குறித்துவைக்கும் பட்டியலைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பவர் சப்ளை போச்சு" என்று சார்ஜரை மாற்றுகிறார்கள். அந்த வரி மெஷின் மறுபடி ஆன் ஆன பிறகு எழுதப்படுவது. காலையில் கடை திறக்க வந்தவர் "நேற்று ஷட்டரை இறக்காமல் போயிருக்கிறார்கள்" என்று நோட்டில் எழுதுவது போல. ஏன் இறக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. அதன் விவரத்தில் 'பக்செக் கோடு' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கே தெரியாமல் கரன்ட் போயிருக்கிறது, சூட்டையும் பேட்டரியையும் பாருங்கள். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து நின்றிருக்கிறது.

சுருக்கமாக: தானாக மறுபடி ஏறினால் ஸ்டாப் கோடைப் பிடியுங்கள். 41 என்பது காரணம் இல்லை, நடந்ததற்கான குறிப்பு மட்டும்.

## ரேமும் டிஸ்க்கும்

மளிகைக்கடை அண்ணாச்சி துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு பெரிய நோட்டில் ஏற்றுவார். துண்டுச் சீட்டு ரேம், பெரிய நோட்டு டிஸ்க். சீட்டில் எழுதிய 1 தானாக 7 ஆகிவிட்டால் கணக்கு எங்கே உதைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ரேம் கெட்ட லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வரும். இந்த மாறிக்கொண்டே இருக்கும் தன்மைதான் அடையாளம். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. பல சமயம் ரேம் கெட்டிருக்காது. சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் ஊதி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும்.

டிஸ்க் கெட்டால் முதலில் வருவது ரீஸ்டார்ட் இல்லை, உறைந்து நிற்பது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் டிக் டிக் சத்தமும் கேட்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு ஃபைல்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

## கடைக்குப் போகும்போது

டிஸ்க் நன்றாக இருந்தாலும் முதல் வேலை பேக்கப்தான். படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், வேலைக் கோப்புகள், இவற்றைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ ஏற்றிவிடுங்கள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்தவை உட்பட எத்தனையோ வீடுகளில் ஒரே பழைய லேப்டாப்பில்தான் குடும்பத்தின் எல்லாப் படமும் இருக்கிறது. அந்தப் பிறந்தநாள் படங்கள் போனதை அக்கா இன்றும் சொல்லி வருந்துகிறாள்.

ஃபார்மட்டே கூடாது என்பதில்லை. ஸ்டாப் கோடு மென்பொருளைக் காட்டி, டிரைவர் மாற்றியும் தீராமல், சூடும் ரேமும் டிஸ்க்கும் சரியாக இருந்தால் அப்போது போடலாம். சூட்டில் அணையும் மெஷினில் போட்டால் பாதி இன்ஸ்டாலில் அணைந்து, இருந்த விண்டோஸும் போய்விடும்.

கடையில் கொடுக்கும்போது "தானா ரீஸ்டார்ட் ஆகுது" என்று மட்டும் சொன்னால், அவருக்கும் ஃபார்மட்டைத் தவிர வேறு வழி தோன்றாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "நீலத்திரை வருவதில்லை, படக்கென்று அணைகிறது. ஆறிய நிலையில் 20 நிமிடம், சூட்டில் 5 நிமிடம். சிப் 98 டிகிரி வரை போகிறது. சார்ஜர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். ஃபேன் பக்கம் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றவும். என்னைக் கேட்காமல் ஃபார்மட் போட வேண்டாம்."